நாடி பார்க்கும் தோட்டா

தமயந்தியின் ஆய்வகத்துக்கு அதுவரை வந்ததெல்லாம் கையால் தூக்கிப் பார்க்கக்கூடிய சாமான்கள்தாம். ஈட்டி, கபடி விரிப்பு, பூப்பந்து இறகு, ஓட்டப் பந்தயக் கடிகாரம். ஈட்டியின் கனம் ஒரு பக்கம் சாய்கிறதா, தொடக்க ஒலி கடைசி ஓடுபாதையில் நிற்பவளுக்கு மட்டும் பிந்திக் கேட்கிறதா என்று அளந்து சொல்வது அவள் தொழில். அளப்பதோடு சரி, விளையாடியதில்லை. பள்ளிக்கூடத்தில் கோகோ நடந்தால்கூட ஓரமாக உட்கார்ந்து புள்ளி குறித்துக்கொண்டிருந்தவள்.

அதனால், மாநிலப் போட்டிகளை நடத்தும் குழு இரண்டு துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளை அனுப்பி, "இந்த இரண்டில் எதற்குப் பதக்கம் கொடுக்கலாம்?" என்று கேட்டபோது அவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு வழக்கம்போல, எதை எப்படி அளப்பது என்ற யோசனை வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒன்று 'கரும்பாறை'. அவள் பள்ளியில் படித்த காலத்து ஆட்டம். விசைப்பலகையும் மவுஸும் போதும். இரண்டு அணி, மூன்றே மூன்று களங்கள், கட்டம் கட்டமான முகங்கள். அதை இன்னும் ஆடுகிறவர்கள் ஒரு சின்னக் கூட்டம். பொள்ளாச்சியில் யாரோ ஒருவர் தன் செலவில் சர்வர் நடத்திவருவதாகக் குறிப்பில் இருந்தது.

இன்னொன்று 'நிழற்படை'. கோடிப் பேர் ஆடும் ஆட்டம். களம் நாளுக்கொன்றாக மாறும், வீரர்களுக்கு விதவிதமான சக்திகள், உடுப்புகள். துப்பாக்கி வடிவில் ஒரு கைப்பிடி. மணிக்கட்டில் ஒரு மெல்லிய பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். பட்டையில் நாடி துடிக்காவிட்டால் ஆட்டம் தொடங்காது.

"எதுக்கு நாடி?" என்று கேட்டாள் தமயந்தி.

நிழற்படை நிறுவனத்திலிருந்து வந்திருந்த கோகுல்நாத் மரியாதையாகச் சிரித்தான். முப்பது வயதிருக்கும். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவன் போலத்தான் இருந்தான். "ஆடறது மனுஷங்கதானான்னு உறுதிப்படுத்திக்கத்தான் மேடம். இயந்திரத்தை வெச்சு ஆடி ஏமாத்தறவங்க இருக்காங்க. அப்புறம் ஆட்டக்காரங்களோட வசதிக்கும்."

"வசதின்னா?"

"சோர்வாயிட்டா தெரியும். எதிராளியைப் பொருத்தமாப் பார்த்துச் சேர்த்து விடுவோம். நாங்க அதுக்கு 'இதம்'னு பேரு வெச்சிருக்கோம்."

அவன் தனியாக வரவில்லை. செய்முறைக்கு உதவியாக ஜெனிஷாவையும் அழைத்து வந்திருந்தான். மார்த்தாண்டத்துப் பெண், இருபத்துமூன்று வயது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தேசிய இறுதிப் போட்டியில் வென்று, அன்றிலிருந்து நிறுவனத்தின் விளம்பரப் பலகைகளில் நிற்பவள். நேரில் பார்த்தால் பலகையில் இருப்பதைவிடக் குள்ளம். ஆய்வகத்தில் நுழைந்ததும் மூலையில் இருந்த இயந்திரக் கையைத் தொட்டுப் பார்த்து, "இது என்னத்துக்குக்கா?" என்றாள்.

"ஈட்டி எறியறதுக்கு. ஒரே மாதிரி நூறு தடவை எறியச் சொன்னா எறியும். மனுஷக் கையால அது முடியாது."

"இதுக்கிட்ட கைப்பிடியைக் கொடுத்தா சுடுமா?"

தமயந்தி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அதைத்தான் அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கோகுல்நாத் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் சோதனை தொடங்கியது. கைப்பிடியை இயந்திரக் கையில் மாட்டினார்கள். அதற்கான பட்டையைத் தமயந்தி தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். பக்கத்து அறையில் ஜெனிஷா இன்னொரு திரைக்கு முன்னால் தன் பட்டையோடு எதிராளியாக அமர்ந்தாள். அவளுடைய வீரன் ஒரு சுவரில் சாய்ந்து சும்மா நிற்க வேண்டும், அவ்வளவுதான். அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி வெறுஞ்சுவரைக் குறிபார்த்து, இயந்திரக் கை விடாமல் சுட்டுக்கொண்டே இருக்கும். குறி மாறாது. ஆகவே ஒரு தோட்டாகூடப் படக்கூடாது.

படவும் இல்லை. சுவர் பொரிந்து உதிர்ந்ததுதான் மிச்சம். அரை மணி நேரம் ஆனது. தமயந்திக்குக் கால் மரத்துவிட்டது. இந்த வேலையை ஏன் ஒப்புக்கொண்டோம் என்ற சலிப்பு மெல்ல ஏறியது. எழுந்து போய் ஒரு டீ குடிக்கலாமா என்று அவள் நினைத்த அந்த நேரத்தில், திரையில் இருந்த வீரன் தோளைச் சரித்தான். தோட்டா பாய்ந்தது. ரத்தம், வெடிச்சத்தம், 'அருமை!' என்று பொன்னெழுத்து. சலிப்பு போன இடம் தெரியவில்லை. அவளையறியாமல் ஒரு சந்தோஷம்.

"ஏன் நகர்ந்தே ஜெனிஷா? அசையாம நில்லுன்னு சொன்னேனே," என்று பக்கத்து அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"நான் அசையவே இல்லையேக்கா. சும்மா சாஞ்சுதான் நிக்கேன்."

தமயந்தி எழுந்து போய்ப் பார்த்தாள். ஜெனிஷாவின் இரண்டு கைகளும் மடியில் இருந்தன. அவள் திரையில் அவளுடைய வீரன் அசையவில்லை. எங்கிருந்தோ வந்த தோட்டா அவனைச் சரியாகத் தாக்கியதாகக் காட்டியது. தமயந்தியின் திரையில் வீரன் தோட்டாவை நோக்கிச் சாய்ந்திருந்தான். இரண்டு திரைகளையும் அருகருகே வைத்து, படத்தை மெதுவாக ஓட்டிப் பார்த்தார்கள். ஒரே நொடியில் இரண்டு வேறு நிகழ்ச்சிகள் நடந்திருந்தன.

பிறகு இயந்திரக் கையின் பட்டையை ஜெனிஷா கட்டிக்கொண்டாள், தமயந்தி எதிராளியானாள். இப்போது இயந்திரக் கை நேராக நெஞ்சைக் குறிபார்த்தது. ஜெனிஷா உற்சாகமாக இருந்தவரை அவ்வப்போது ஒரு தோட்டா தவறியது. அலுத்துப்போனபோது எல்லாம் பட்டன. வீட்டு நினைவில் முகம் வாடியபோது, குறியை வேண்டுமென்றே தள்ளி வைத்தும் தோட்டாக்கள் பட்டன.

தமயந்தி நாற்காலியில் சாய்ந்தாள். ஆடுகிறவருக்குச் சலித்தால் நாடியில் அதைப் பிடித்து, ஆட்டமே தோட்டாவை வளைத்துக் கொடுக்கிறது. கோபம் வரவில்லை, இதை யார் யோசித்தார்கள், எத்தனை அழகாகச் செய்திருக்கிறார்கள் என்ற வியப்புத்தான் முதலில் வந்தது. ஜெனிஷா பட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தாள்.

கோகுல்நாத் திரும்பி வந்தபோது எதையும் மறுக்கவில்லை. "ஒளிச்சு வைக்கலை மேடம். விதிமுறையிலயே எழுதியிருக்கோம். யாரும் படிக்கறதில்ல."

"ஒருத்தர் ஜெயிக்கணும்னு இன்னொருத்தரைத் தோக்க வைக்கறீங்க."

"தோக்கறவங்களுக்கு அடுத்த ஆட்டத்துல திருப்பிக் கொடுத்துடறோம். கூட்டிக் கழிச்சா யாருக்கும் நஷ்டம் இல்லை." அவன் சற்று முன்னால் சாய்ந்தான். "பழைய ஆட்டங்கள்ல என்ன நடந்துச்சு தெரியுமா மேடம்? புதுசா வர்றவன் ஒரு வாரம் செத்துக்கிட்டே இருப்பான். கெட்ட வார்த்தையில திட்டு வாங்குவான். அப்புறம் ஓடிப் போயிடுவான். என் தம்பி அப்படித்தான் விசைப்பலகையைத் தூக்கிச் சுவத்துல அடிச்சான். எங்க ஆட்டத்துல அழுதுட்டு எழுந்து போறவங்க யாருமே கிடையாது. அது தப்பா?"

தமயந்தி அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

அதுவரை ஜன்னலோரம் நின்றிருந்த ஜெனிஷா திரும்பினாள். "எனக்க இறுதிப் போட்டி?"

"என்ன ஜெனிஷா?"

"அன்னைக்கும் பட்டை கட்டியிருந்தேன் அண்ணா. அன்னைக்கும் இதம் இருந்துச்சா?"

கோகுல்நாத் அவளைப் பார்க்காமல் சொன்னான். "அது எப்பவும் இருக்கும்."

அந்த இறுதிப் போட்டியின் ஒளிப்பதிவு எல்லோருக்கும் கிடைக்கும்படி இருந்தது. அரங்கில் இருந்தவர்களுக்காக ஆட்டக்காரர்களின் கைகளையும் திரைகளையும் சேர்த்தே படம் பிடித்திருந்தார்கள். அலங்காரத்துக்காக ஓரத்தில் நாடித் துடிப்பு வேறு ஓடியது. ஜெனிஷா வற்புறுத்தித்தான் தமயந்தி அதை அளந்தாள். கை போன திசை ஒரு கோடு, தோட்டா போன திசை ஒரு கோடு. முதல் பாதியில் இரண்டு கோடுகளும் ஒட்டியே போயின. ஜெனிஷா தோற்றுக்கொண்டிருந்தாள். இடைவேளைக்குப் பிறகு கோடுகள் பிரிந்தன. அதற்கப்புறம் அவள் சுட்டதெல்லாம் பட்டது.

"இடைவேளையில என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள் தமயந்தி.

ஜெனிஷா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா போன் பண்ணினாவ. நர்சிங் காலேஜ்ல இடம் கெடச்சிருக்கு, திங்கக்கிழமை சேரணும்னு. எனக்கு அப்பதான் நிம்மதியா இருந்துச்சுக்கா. தோத்தாலும் பரவாயில்ல, இதோட போதும், ஊருக்குப் போயிரலாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் திரும்ப வந்து ஒக்காந்தேன்."

தமயந்தி ஓரத்தில் ஓடிய நாடியைப் பார்த்தாள். இடைவேளைக்குப் பின் அது இறங்கி, அமைதியாக, ஒரே சீராக இருந்தது. போகத் தயாராகிவிட்ட ஒருத்தியின் நாடி. அதைத்தான் இயந்திரம் கண்டுபிடித்திருக்கிறது. விட்டுப் போகிறவளை நிறுத்தி வைக்க அதனிடம் இருந்ததிலேயே பெரிய பொருளை எடுத்துக் கொடுத்துவிட்டது.

"கோப்பையக் கையில வச்சுக்கிட்டு காலேஜுக்கு எப்படிப் போறது?" என்றாள் ஜெனிஷா. "நாலு வருஷம். அந்த ஆட்டத்துல எனக்கெதிரா ஆடினவன் பேரு உதயன். அதுக்கப்புறம் அவன் ஆடவே வரல. அவன் குறியும் வளஞ்சிருக்குமேக்கா?"

வளைந்திருந்தது. அதையும் தமயந்தி அளந்தாள்.

பழைய ஆட்டத்தை அளக்க அவள் பொள்ளாச்சிக்குக் கிளம்பியபோது, ஜெனிஷா தானும் வருவதாகச் சொல்லித் ஓட்டுநரில்லாத தானோட்டிப் பேருந்தில் ஏறிக்கொண்டாள். "எனக்க கை எவ்வளவு தேறும்னு ஒரு தடவையாவது பாக்கணும். அதுல நாடி கேக்காதுல்லா?"

முகவரி ஒரு பல் மருத்துவமனைக்கு இட்டுச் சென்றது. வரவேற்பறையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் காத்திருந்தார்கள். டாக்டர் மயில்வாகனன் முகக்கவசத்தை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய, தொந்தி வைத்த, சிரித்த முகம்.

"வாங்க அம்மணி. பல்லைப் பாக்கோணுமா, சர்வரைப் பாக்கோணுமா?"

மருத்துவமனைக்குப் பின்னால் ஓர் அறை. ஆறேழு கணினிகள், இரைந்து சுற்றும் மின்விசிறி. ஞாயிறு மதியம் ஆனால் ஆள் கூடுவார்கள். ஒரு நெல் வியாபாரி, ஒரு பள்ளி ஆசிரியை, கோவையிலிருந்து வரும் ஒரு தம்பதி, மற்றவர்கள் அவரவர் வீட்டிலிருந்து. ஆட்டத்தில் எல்லோருக்கும் புனைபெயர். டாக்டரின் பெயர் 'கடைவாய்ப்பல்'. "புடுங்கறது கஷ்டமுங்க," என்று விளக்கம் சொன்னார்.

ஜெனிஷா முதல் ஞாயிறு தரையோடு தரையாகத் தோற்றாள். எந்தத் தோட்டாவும் அவளுக்காக வளையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் காலடிச் சத்தத்தை வைத்தே அவளைக் கொன்றார்கள். "இந்தப் பெட்டிக்குப் பின்னாடி எல்லாரும் ஒளிவாங்க, அங்க மட்டும் போகாத கண்ணு," என்று ஆசிரியை சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த நிமிடமே அதே பெட்டிக்குப் பின்னாலிருந்து சுட்டார். அறையே சிரித்தது. ஜெனிஷாவும் சிரித்தாள், ஆனால் திரும்பி வரும்போது பேருந்தில் அழுதாள். தமயந்தி கைக்குட்டையைக் கொடுத்தாள். கோகுல்நாத் சொன்னது நினைவுக்கு வந்தது. அழுதுட்டு எழுந்து போறவங்க.

ஆனால் அடுத்த ஞாயிறும் ஜெனிஷா வந்தாள். அதற்கடுத்ததும். ஒரு மதியம் கடைவாய்ப்பல்லை நேருக்கு நேர் நின்று வீழ்த்தினாள். டாக்டர் இரண்டு கைகளையும் தூக்கிச் சரணடைந்தார். ஜெனிஷா எழுந்து நின்று கத்திய கத்தில் முன்னறையில் வாயைத் திறந்து வைத்திருந்த நோயாளி பயந்துபோய் மூடிக்கொண்டார்.

தமயந்தி அந்தச் சமயம் சர்வர் பக்கத்தில் தன் கருவியோடு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவரின் சொடுக்கும் சர்வருக்கு வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது குறித்துக்கொண்டே இருந்தது. வீட்டிலிருந்து ஆடுகிறவர்களுக்குக் கொஞ்சம் தாமதம் இருப்பது இயல்பு. அறைக்குள் இருப்பவர்களுக்கு இருக்கக் காரணமே இல்லை. ஆனால் ஓர் ஆளின் சொடுக்கு, ஜெனிஷாவோடு ஆடும்போது மட்டும், கண் சிமிட்டும் நேரம் பிந்தி வந்தது.

எல்லோரும் போனபின் அவள் டாக்டரிடம் கேட்டாள். அவர் பல் துளைக்கும் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க கம்பி மட்டும் ஏன் தாமதம்?"

டாக்டர் துடைப்பதை நிறுத்தினார். பிறகு சிரித்தார். "புடிச்சுட்டீங்களா. நானே வெச்சுக்கறதுங்க. புதுசா யாராச்சும் வந்தா என் லைன்ல கொஞ்சம் தாமதத்தை ஏத்திக்குவேன். அவங்க கை தேறத் தேறக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுட்டு வருவேன். இல்லாட்டி ஒரே நாள்ல ஓடிருவாங்க அம்மணி. இங்கிருக்கற எல்லாரும் அப்படி நின்னவங்கதான்."

"இதையேதான் அவங்களும் பண்றாங்க டாக்டர்."

"பண்றாங்கதான்." அவர் அதை யோசித்துப் பார்த்தவர் போலத்தான் பேசினார். "ஆனா அடுத்தவன் கையை நான் தொடறதில்லீங்க. என் கையைத்தான் கட்டிக்கறேன். தோக்கறது நான், தோக்கறேன்னு தெரிஞ்சே தோக்கறேன். அதுல ஒரு வித்தியாசம் இருக்குதுன்னு நினைச்சுட்டு இருக்கேன். இல்லைன்னு நீங்க சொன்னாலும் சண்டைக்கு வரமாட்டேன்."

"நான் இதை அறிக்கையில எழுதியாகணும்."

"எழுதுங்க. இருக்கறதைத்தானே எழுதோணும்."

அறிக்கை எழுதுவது சுலபமாக இருந்தது. ஜெனிஷாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த ஒரு வெற்றியை அவள் அலைபேசியில் படமாக வைத்திருந்தாள். அதையும் பிடுங்குவதா? ஆனால் உண்மை வேண்டும் என்று கேட்டு வந்தவள் அவள். பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு தமயந்தி எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜெனிஷா சாலையைப் பார்த்தபடி கேட்டாள். முடித்ததும், "தெரியும்க்கா," என்றாள்.

"தெரியுமா?"

"முதல் நாளே இல்ல. மூணாவது வாரம். எனக்குக் கிட்ட வரும்போது மட்டும் அவரு ஒரு மூச்சு பிந்தித் திரும்புவாரு. நாலு வருஷம் வளஞ்ச தோட்டாவோடயே இருந்தவ நான், எனக்குப் புரியாதா?" அவள் பேருந்து வரும் திசையை எட்டிப் பார்த்தாள். "நிழற்படையில எனக்காக யாரு தோத்தான்னு எனக்குத் தெரியாது. உதயனுக்கும் தெரியாது. இங்க தெரியும். தெரிஞ்சா, ஒரு நாள் அவருக்க தாமதத்தை முழுசா எடுக்கச் சொல்லி ஜெயிக்கலாம்லா. அதுக்குத்தான் வாறேன்."

அறிக்கையில் தமயந்தி இரண்டு ஆட்டங்களைப் பற்றியும் கண்டதை அப்படியே எழுதினாள். குழு எந்த ஆட்டத்துக்கும் பதக்கம் அறிவிக்கவில்லை. இதத்தை நிறுத்தும் ஒரு பொத்தானை வைக்கும்படி மட்டும் நிழற்படையிடம் கேட்டது. நிறுவனமும் மறுக்காமல் வைத்தது. முதல் வாரம் ஊரெல்லாம் அதே பேச்சு. நான் நிறுத்திவிட்டேன், நீ நிறுத்தினாயா என்று வீரம் பேசினார்கள். மாதம் முடிவதற்குள் முக்கால்வாசிப் பேர் இதத்தைத் திரும்பவும் போட்டுக்கொண்டார்கள். கோகுல்நாத் அழைத்து அதைச் சொன்னபோது அவன் குரலில் வெற்றி இல்லை. "நானும் நிறுத்திப் பார்த்தேன் மேடம். ரொம்பக் கஷ்டமா இருக்கு," என்றான்.

ஜெனிஷா அந்த வருடம் நர்சிங் சேர்ந்தாள். வகுப்பில் எல்லோரையும்விட நாலு வயது மூத்தவள். உதயனைத் தேடிப் பிடித்து, கோடுகள் வரைந்த அந்தப் படத்தை அனுப்பிவைத்தாள். அவனிடமிருந்து வந்த பதில் என்னவென்று யாரிடமும் சொல்லவில்லை. விடுமுறை வந்தால் பொள்ளாச்சிக்கு வருவாள். டாக்டரைத் தாமதமில்லாமல் ஜெயிக்க அவளுக்கு அதன்பின் நெடுநாள் ஆயிற்று, ஜெயித்தாள்.

அப்படி ஒரு விடுமுறை ஞாயிறன்று தமயந்தியும் போயிருந்தாள். அளக்க எதுவும் இல்லை, சும்மாதான் போனாள். ஓர் ஆள் குறைந்தது. "உக்காருங்க அம்மணி, எத்தனை நாளைக்கு வேடிக்கையே பாப்பீங்க?" என்று டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பெயர் கேட்டார்கள். அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. ஆசிரியையே 'அளவுகோல்' என்று தட்டிவிட்டார்.

மவுஸ் அவள் கையில் வழுக்கிக்கொண்டே போனது. சுவரைப் பார்த்து நடந்தாள், சொந்த அணியைச் சுட்டாள், செத்தாள், மறுபடி செத்தாள். உள்ளங்கை வியர்த்தது. ஒரு மூலையில் திரும்பியபோது எதிரே ஜெனிஷாவின் வீராங்கனை நின்றாள். தமயந்தி கண்ணை மூடாத குறையாகச் சொடுக்கினாள். ஜெனிஷா விழுந்தாள்.

தமயந்தியின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவளுக்கே புதிது. நெல் வியாபாரி கைதட்டினார். எதிர்வரிசையில் ஜெனிஷா தன் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தமயந்தி அடுத்த சுற்றைத் தொடங்கவில்லை. எழுந்து சர்வர் இருந்த மேசைக்குப் போனாள். பையிலிருந்து கருவியை எடுத்து, கம்பியைச் செருகி, ஜெனிஷாவின் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்தாள். டாக்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாமதம் இருந்தது. டாக்டர் ஒருநாளும் வைத்துக்கொள்ளாத அளவுக்கு இருந்தது.

தமயந்தி கருவியைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். வந்து தன் நாற்காலியில் அமர்ந்து, மவுஸைச் சரிசெய்துகொண்டு, ஜெனிஷாவைப் பார்த்தாள்.

"பாதியாக் குறை," என்றாள்.

"பாதியா?" ஜெனிஷாவின் புருவம் உயர்ந்தது. "தாங்குவியளாக்கா?"

"தெரியலை. குறை, பார்ப்போம்."